சிறுவாட்டுக் காசு இருப்பதை வீட்டுக்காரரிடம் சொல்லலாமா?

தறிவீட்டு மருமகள், பல்லடம்

எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. கூலி நெசவுதான். 2025 மார்ச், ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியபோது வரவு என்று ஒன்றுமே இல்லை. பிறகு கூலி கொஞ்சம் ஏறியது, பழைய பாக்கி மட்டும் இறங்கவில்லை. இதற்கு நடுவில் கொழுந்தனாரின் லாரிக்காக வீட்டுக்காரர் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில் இரண்டு லட்சம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர், "வீட்டம்மாவும் புரோநோட்டில் கையெழுத்துப் போடட்டும்" என்று கேட்ட பிறகுதான் விஷயமே வெளியில் வந்தது.

என்னிடம் 1,80,000 ரூபாய் இருக்கிறது. அம்மா கொடுத்த ஆடுகளின் குட்டிகளை வளர்த்து விற்றது, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது என்று பல வருடச் சிறுவாடு. பாஸ்புத்தகம் அம்மா வீட்டில் இருக்கிறது. வங்கிக் குறுஞ்செய்தி என் தம்பியின் போனுக்குப் போகிறது. வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது.

மாதம் 6,000 ரூபாய் வட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எடுத்துக் கொடுத்தால், "இத்தனை வருடம் மறைத்தாயா?" என்பார். கொடுத்துவிட்டால் அடுத்து லாரிக்கு டயர் என்று வந்து நிற்பார்கள். என்ன செய்யலாம்?

மஞ்சள் மண்டி, ஈரோடு

சொல்லிவிடுங்கள் அம்மிணி. மூன்று ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். உங்கள் சேமிப்புக் கணக்கில் இரண்டரை, மூன்று சதவீதம் கிடைத்தால் அதிகம். 1,80,000 ரூபாய்க்கு வருடம் முழுவதும் அவர்கள் கொடுப்பது ஒரு மாத வட்டிக்குக்கூடக் காணாது. ஒரே கூரையின் கீழ் ஒருவர் 36 சதவீதத்துக்குக் கடன் வாங்குகிறார், இன்னொருவர் இரண்டரை சதவீதத்துக்குப் போட்டு வைத்திருக்கிறார். மண்டியில் கூட்டாளி இப்படிச் செய்தால் அன்றைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவோம்.

சென்னிமலை அக்கா

சொல்ல வேண்டாம் கண்ணு. இது கூட்டாளி கணக்கு இல்லை. கூட்டாளிக்குப் பாதி லாபம் உண்டு. தறிவீட்டில் பாவு பிணைத்து, தார் சுற்றி, ஆளுக்குச் சோறு பொங்கிப் போடும் மருமகளுக்கு எந்த மாதம் யார் லாபம் பிரித்துக் கொடுத்தார்கள்? மண்டிக்காரத் தம்பி அதைச் சொல்லிவிட்டு வட்டிக் கணக்குப் போடட்டும்.

லாரிக்காரன், நாமக்கல்

லாரிக்காரனாகவே சொல்கிறேன். லாரிக்குப் போன பணம் திரும்பி வராது. வந்தாலும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கத் திரும்பப் போய்விடும். அக்கா சொல்வதே சரி.

மஞ்சள் மண்டி, ஈரோடு

அக்கா, லாபம் பிரித்துக் கொடுக்காதது தவறுதான். அந்தத் தவறுக்கு ஒளித்து வைப்பது மருந்தாகுமா? நான் பணத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் குறுஞ்செய்தியைப் பாருங்கள். மச்சினனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், கட்டியவனுக்கு மட்டும் தெரியாது. நாளைக்கு இது வெளியில் வரும்போது அந்த மனிதர் 1,80,000 ரூபாயை நினைக்க மாட்டார். "எனக்குப் பின்னால் ஒரு குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து என்னைக் கணக்குப் பார்த்திருக்கிறது" என்றுதான் நினைப்பார். அதற்கு எந்த வட்டியும் ஈடாகாது.

தறிவீட்டு மருமகள், பல்லடம்

அவர் செய்ததும் அதுதானே, அண்ணா? அத்தைக்குத் தெரியும், கொழுந்தனாருக்குத் தெரியும், கடன் கொடுத்தவருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

மஞ்சள் மண்டி, ஈரோடு

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கலாம் என்பதே பேசுவதற்கு நல்ல இடம்.

பீளமேடு ஐ.டி.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வீட்டுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு, அது போக ஆளுக்கொரு தனிக் கணக்கு. சம்பளம் வந்ததும் இருவரும் வருமான விகிதப்படி கூட்டுக் கணக்கில் போட்டுவிடுவோம். தனிக் கணக்கில் இருப்பதைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. கணக்கு இருப்பது தெரியும், தொகை தெரியாது. சண்டை இல்லை. 2023இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. திருமணம் நிச்சயமான, புதிதாகத் திருமணமான 230 ஜோடிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். கூட்டுக் கணக்கு வைத்துக்கொண்டவர்களிடம் உறவின் நெருக்கம் குறையாமல் நின்றது, மற்றவர்களிடம் குறைந்தது. பணத்தை ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினால் "என்னுடையது, உன்னுடையது" என்ற பேச்சு குறைகிறதாம்.

சென்னிமலை அக்கா

தம்பி, அந்த 230 ஜோடிகளில் எத்தனை பேர் மாமனார், மாமியார், கொழுந்தனாருடன் ஒரே உலையில் சோறு உண்கிறார்கள்? அங்கே கூட்டுக் கணக்கு என்றால் இரண்டு பேர். இங்கே கூட்டுக் கணக்கு என்றால் நோம்பி, பண்டிகைக்கு வந்த நாத்தனார் வரைக்கும் பங்கு. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் வழி உங்களுக்குச் சரி. சனிக்கிழமை கூலி வருமா, அடுத்த புதன் வருமா என்று தெரியாத வீட்டில் எந்த விகிதத்தைப் பிரிப்பது?

இன்னொன்று. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். மறுநாள் எங்கள் வீதியில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அரிசி அண்டாவுக்குள்ளிருந்து, பழைய பட்டுச் சேலையின் மடிப்பிலிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு பெண்கள் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார்கள். பலருக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கே இல்லை. ஒரு மனிதர் மனைவி கொடுத்த கட்டை வாங்கி எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், "பரவாயில்லையே, திருடி இவ்வளவு சேர்த்துவிட்டாயே" என்று. மகள் காது குத்துக்கு வைத்திருந்த காசு அது. கணவர் கணக்கில் போனது போனதுதான். திரும்பக் கைக்கு வந்ததாக அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

மஞ்சள் மண்டி, ஈரோடு

இதை நான் என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், அக்கா. அண்டாவில் இல்லாமல் அவள் பெயரில் கணக்காக, எல்லோருக்கும் தெரிந்த பணமாக இருந்திருந்தால் அன்றைக்கு யார் கையிலும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சென்னிமலை அக்கா

எல்லோருக்கும் தெரிந்த பணமாக இருந்திருந்தால் 2016 வரைக்கும் இருந்திருக்காது.

கணக்கர், திருப்பூர்

இருவரும் பழைய கதை பேசுகிறீர்கள். அம்மிணி கேட்டதில் அவசரமானது கையெழுத்து. அதற்கு முதலில் வருகிறேன்.

புரோநோட்டில் கையெழுத்துப் போட்டால் கடன் உங்களுடையதும்தான். ஜாமீன் கையெழுத்து என்றாலும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. "சும்மா ஒரு பேச்சுக்கு" என்று யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. உங்கள் கணக்கின் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பது அதைவிட ஆபத்து. பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் குற்ற வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறை. கூட்டுக் கணக்கின் காசோலையானாலும் கையெழுத்துப் போட்டவர் மீது மட்டுமே வழக்குத் தொடர முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் கையெழுத்து எங்கே போகிறது என்பதில் கண் வையுங்கள். திருப்பூரில் மனைவி பெயரில் நிறுவனம், கணவர் கையில் காசோலைப் புத்தகம் என்ற ஏற்பாட்டில் நீதிமன்றப் படி ஏறிய பெண்கள் உண்டு. கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவர்களில் சிலருக்குத் தெரியாது.

இரண்டாவது, இந்தப் பணம் யாருடையது என்பது. ஆடு உங்களுக்கு உங்கள் அம்மா கொடுத்தது, பாடம் நீங்கள் நடத்தியது. இதில் திருட்டு எங்கிருந்து வந்தது? நகைக்கும் இதே கதைதான். சீதனம் கணவனும் மனைவியும் பொதுவாக வைத்திருக்கும் சொத்து அல்ல, மனைவியின் முழு உரிமை. நெருக்கடியில் கணவன் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தர வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. சம்பாதிக்காத மனைவிக்கும் நியாயம் வந்திருக்கிறது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்து ஒன்றில், வீட்டைக் கட்டிக் காத்த மனைவியின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சம பங்கு கொடுத்தது.

பீளமேடு ஐ.டி.

சட்டம் பேசினால் அன்றிரவே வீடு இரண்டாகிவிடும், சார். "உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது" என்று எந்தக் கணவனிடம் போய் ஆரம்பிப்பது?

கணக்கர், திருப்பூர்

கணவரிடம் சொல்வதற்காக எழுதவில்லை, தம்பி. தன் பணம் என்ற தெளிவு இருப்பவருக்கே குரலை உயர்த்தாமல் பேச முடியும். பயந்து பேசுபவர்தான் கத்துகிறார்.

மஞ்சள் மண்டி, ஈரோடு

ஆண் பக்கத்துப் பயத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். அவர் ஏன் மறைத்தார்? தம்பிக்கு இல்லை என்று சொன்னால் அம்மா முகம் வாடும். மனைவியிடம் சொன்னால் அவள் முகம் வாடும். இரண்டு வாட்டத்துக்கும் நடுவில் மூன்று ரூபாய் வட்டி சுலபமாகத் தெரிந்திருக்கிறது. மனைவி காசில் கடனை அடைத்தான் என்று மாமனார் வீட்டில் ஒரு சொல் வந்துவிடுமோ என்ற பயம் எங்கள் பக்க ஆண்களுக்கு வட்டியைவிடப் பெரிது. அம்மிணி பணம் கொடுப்பதாக இருந்தால் தன் தம்பியின் வாயையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நோம்பி விருந்தில் ஒரு கிண்டல் போதும், கொடுத்ததெல்லாம் வீணாகிவிடும்.

சென்னிமலை அக்கா

இது நல்ல பேச்சு. இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆணுக்கு ஒரு சொல் பொறுக்காது என்பதால் பெண் பணத்தையும் கொடுத்து, வாயையும் கட்டிக்கொண்டு, பிறந்த வீட்டு வாயையும் கட்ட வேண்டுமா? அவர் ஒரு முறை, "உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்று சொல்லட்டும். அதற்கு முன்னால் ஒரு ரூபாய் வெளியில் எடுக்காதே கண்ணு.

லாரிக்காரன், நாமக்கல்

அதைச் சொல்ல வைப்பதைவிட இரண்டு லட்சத்தை அடைப்பது சுலபம்.

கணக்கர், திருப்பூர்

கொடுப்பதென்று முடிவானால் வீட்டுக்காரர் கையில் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்குக்கு உங்கள் கணக்கிலிருந்து நேராக அனுப்புங்கள். முழுவதும் தீராவிட்டால் இத்தனை ரூபாய் அசலில் வரவு என்று புரோநோட்டின் பின்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவும் வட்டியில் போய்விடும். முழுவதும் தீர்ந்தால் அசல் நோட்டையும், காசோலை ஏதும் கொடுத்து வைத்திருந்தால் அதையும் கையில் வாங்காமல் வாசல் தாண்டக் கூடாது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். தன்மையாகக் கேட்டாலே கொஞ்சம் இறங்கி வருவார்.

சிறுவாட்டின் நோக்கம் பாதுகாப்பு என்றால் அதை வெளிப்படையாகவும் செய்யலாம், அக்கா. கணவர் தன் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கும்போது, 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் நலனுக்கு என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தொகை அவர்களுக்கான அறக்கட்டளைப் பணமாகிவிடும். கணவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. கடனை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் வேறு விஷயம். தறி வைத்திருப்பவர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் செய்ய வேண்டியது. பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

சென்னிமலை அக்கா

நல்ல சட்டம். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அண்டாவுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்.

தறிவீட்டு மருமகள், பல்லடம்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பேசிவிட்டேன். வீட்டில் வைத்துப் பேசினால் அத்தை காதில் விழும் என்பதால், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது செட்டுக்குள் போய்ப் பேசினேன். அந்தச் சத்தத்தில் கத்தினாலும் வெளியில் கேட்காது. உண்மையில் கத்தினோம்.

புரோநோட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலில் சொன்னேன். கோபப்பட்டார். என்னிடம் சேமிப்பு இருக்கிறது என்றதும் பேச்சே இல்லை. அறுந்த இழையைப் பிணைக்கிற சாக்கில் ஒரு தறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மண்டி அண்ணா சொன்னது சரியாகத்தான் இருந்தது. எவ்வளவு என்று கேட்கவே இல்லை, "யார் யாருக்குத் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்டார். தம்பிக்கு என்றேன். அது வலித்திருக்கிறது, முகத்தில் தெரிந்தது. நானும் விடவில்லை, "லாரிக் கடன் யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

அக்கா எதிர்பார்த்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. குறுஞ்செய்தியை என் போனுக்கு மாற்றிக்கொள் என்றார். கொழுந்தனாரிடம் மாதம் 5,000 வாங்கி என் கணக்கில் போடுவது தன் பொறுப்பு என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். முறைத்துப் பார்த்துவிட்டுக் கூலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தேதி போட்டார்.

அசலில் 1,50,000 கட்டுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகக் கூடாது என்று அத்தை சொல்வார், அதனால் சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே போகிறோம்.

கணக்கர், திருப்பூர்

நோட்டின் பின்பக்கம் எழுத்து, மறக்க வேண்டாம். மீதி 50,000க்கு வட்டி 1,500தான் என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

மஞ்சள் மண்டி, ஈரோடு

சந்தோஷம், அம்மிணி. ஒரே ஒரு சந்தேகம். 1,80,000 என்று எழுதியிருந்தீர்கள். 1,50,000 கட்டுகிறீர்கள். மீதி 30,000 பற்றி அவரிடம் சொன்னீர்களா?

சென்னிமலை அக்கா

தம்பி, உங்கள் மண்டியில் இன்றைக்கு வியாபாரம் ஒன்றும் இல்லையா?