ஜேர்மனியில் பிறந்த மருமகள் இலங்கைக்கு ஹொக்கி ஆடலாமா?

விசுவமடு மாமா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதை விளையாட்டுப் பகுதியில் போடுவதா, கடவுச்சீட்டுப் பகுதியில் போடுவதா என்று யோசித்துவிட்டு இங்கே போடுகிறேன். இரண்டும் சேர்ந்த சிக்கல்.

என் தங்கச்சியின் மகளுக்கு 19 வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜேர்மனியில், முல்கைமில். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறாள் என்று சின்ன வயதில் ஹொக்கி கிளப்புக்குப் போகத் தொடங்கியவள், இன்றைக்கு வரைக்கும் விடவில்லை. மாநில அணிக்கு ஆடியிருக்கிறாள். ஜேர்மனியின் 18 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் பார்க்கிற பயிற்சி முகாமுக்கும் ஒருதரம் கூப்பிட்டார்கள். ஆனால் அணியில் எடுக்கவில்லை.

போன ஓகஸ்ட்டில் குடும்பமாக வந்து நின்றார்கள். மற்றப் பிள்ளைகள் சொக்கிளேற் கொண்டு வந்தால் இவள் மட்டையைக் கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் கிரிக்கெட், உதைபந்தாட்டம், எல்லே, அவ்வளவுதான். ஹொக்கி மட்டையைக் கையால் தொட்ட பிள்ளை எங்கள் ஒழுங்கையில் ஒன்றும் இல்லை. பின்னேரம் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிறவல் நிலம். அவள் தட்டிய பந்து ஒரு கல்லில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பி வேலிக்குள் போனது. கொஞ்ச நேரம் நிலத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பந்தை வைத்துவிட்டு, பெடியளிடம் ரெனிஸ் பந்து ஒன்று வாங்கி, பெட்டைகளுக்கு எப்படித் தள்ளுவது, எப்படி மறிப்பது என்று காட்டத் தொடங்கிவிட்டாள். ஜேர்மன் கலந்த தமிழ்தான், ஆனால் அதுகளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் பார்க்கிறேன், நாலைந்து பெட்டைகள் நுனி வளைந்த பூவரசங் கொப்பைத் தேடி வெட்டி, பட்டை சீவி, பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போதுதான் கேட்டாள்: "மாமா, நான் சிறிலங்காவுக்கு விளையாடினால் என்ன?"

மச்சான் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிவிட்டார். "சிங்கம் போட்ட சட்டையைப் போடவோ உன்னை அங்க கொண்டுபோய் வளர்த்தனான்?" தங்கச்சி வாயே திறக்கவில்லை. எனக்கு மச்சானையும் விளங்குகிறது. அவர் எப்படி நாட்டை விட்டுப் போனவர் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை கேட்டதும் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அந்தச் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது சட்டம். அவளிடம் ஜேர்மன் பாஸ்போட் மட்டும்தான் இருக்கிறது. இலங்கைக்கு ஆட இலங்கைப் பாஸ்போட் வேண்டுமா? அதை எடுத்தால் ஜேர்மன் பாஸ்போட் போய்விடுமா? இங்கே ஒருதரம் ஆடிவிட்டால் பிறகு ஜேர்மனி கூப்பிட்டாலும் போக முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

ரொறன்ரோ வன்னியன் எழுதியது:

மச்சான் சொன்னதுதான் சரி. உங்களுக்கு ஒரு மருமகள், அவளுக்கு ஒரு ஆசை, அதற்காக எல்லாவற்றையும் மறக்கச் சொல்கிறீர்கள். ஹொக்கி என்றால் இந்தியா இருக்கிறது, பக்கத்தில் தமிழ்நாடு இருக்கிறது. அங்கே முயற்சி செய்யலாமே?

---

எசன் அக்கா எழுதியது:

ரொறன்ரோத் தம்பி, இந்தியாவுக்கு ஆட இந்தியப் பாஸ்போட் வேண்டும். வெளிநாட்டு இந்தியருக்குக் கொடுக்கிற அட்டை வைத்திருப்பவர்களையே தேசிய அணிகளில் சேர்ப்பதில்லை என்று 2008 இலிருந்து அங்கே அரசின் கொள்கை. இரட்டைக் குடியுரிமையும் இந்தியாவில் கிடையாது. அந்தப் பேச்சை விடுங்கோ.

மாமா, நான் முல்கைமுக்குப் பக்கத்து ஊர். என் இரண்டு பெடியளும் ஹொக்கிதான், சனி ஞாயிறு என்றால் நான் ஏதாவது ஒரு மைதானத்தின் ஓரத்தில் தேத்தண்ணிப் போத்தலோடு நிற்பேன். முல்கைம் லேசுப்பட்ட இடம் இல்லை. ஊலன்ஹோர்ஸ்ட் என்ற கிளப் 1988 இலிருந்து 1996 வரை ஒவ்வொரு வருடமும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது இங்கேதான். அந்த ஊரில் மாநில அணிக்கு வந்தவள் என்றால் பிள்ளைக்கு ஆட்டம் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. பயிற்சி முகாமுக்குப் போனது கணக்கில் வராது. நாட்டுச் சட்டையைப் போட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேசப் போட்டியில் இறங்கினால்தான் ஒரு நாட்டோடு கட்டுப்படுகிறாள். உங்கள் மருமகள் இன்றைக்கு யாரோடும் கட்டுப்படவில்லை.

கட்டுப்பட்டாலும் அது ஆயுள் தண்டனை இல்லை. ஒலிம்பிக் சாசனத்தில் உள்ள விதி இதுதான்: ஒரு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டுக் குடியுரிமையோடு அந்த நாட்டுக்கு ஆட விரும்பினால், முதல் நாட்டுக்குக் கடைசியாக ஆடியதிலிருந்து 3 வருடம் போக வேண்டும். சம்பந்தப்பட்ட ஒலிம்பிக் குழுக்களும் ஹொக்கிச் சம்மேளனமும் சம்மதித்தால் அந்தக் காலத்தைக் குறைக்கவும் இடம் இருக்கிறது. ஒலிம்பிக் தவிர்ந்த போட்டிகளுக்குச் சர்வதேச ஹொக்கிச் சம்மேளனம் தன் விதியைத் தனியாக வைத்திருக்கிறது, அதைத் திருத்துவதும் உண்டு. அதனால் அவளுடைய வயதையும் ஆட்ட விபரத்தையும் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கோ.

மாறிப் போனவர்களில் பெரிய ஆள் கொன்சாலோ பெய்லாட். ஆர்ஜென்டீனாக்காரர். 2016 றியோவில் ஆர்ஜென்டீனா தங்கம் வென்றபோது ஆண்கள் பிரிவில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், 11 கோல். பெனால்டி கோர்னரில் பந்தை இழுத்து எறிகிற அடியில் உலகத்தில் அவருக்கு நிகராகச் சொல்ல ஒன்றிரண்டு பேர்தான். பிறகு ஆர்ஜென்டீனா அணியை விட்டு விலகினார். மன்ஹைம் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர் ஜேர்மன் குடியுரிமை எடுத்து 2022 இல் ஜேர்மன் அணிக்கு வந்தார். 2023 உலகக் கிண்ண அரையிறுதியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 3 கோல், ஜேர்மனி 4-3 என்று வென்றது. இறுதியில் பெல்ஜியத்தோடு 3-3, பிறகு சூட்-அவுட்டில் கிண்ணம். 2024 பாரிஸ் அரையிறுதியில் இந்தியாவைத் தோற்கடித்ததிலும் அவருடைய கோல் ஒன்று இருக்கிறது. என் சின்னவனின் அறைச் சுவரில் அவர் படம்தான் தொங்குகிறது. அவரை ஆர்ஜென்டீனாக்காரன் என்று இங்கே யாரும் ஒதுக்கவில்லை.

ஆனால் ஒன்று. அவர் போனது கீழேயிருந்து மேலே இல்லை, மேலேயிருந்து மேலே. உங்கள் மருமகளின் கதை வேறு. இலங்கைப் பெண்கள் அணி ஒலிம்பிக்குக்கோ உலகக் கிண்ணத்துக்கோ இதுவரை போனதில்லை. அவளுக்கு 19 வயதில் ஜேர்மன் கதவு முழுதாகச் சாத்தப்பட்டுவிட்டதா என்று அவளுடைய பயிற்சியாளரிடம் முகத்துக்கு நேரே கேட்கச் சொல்லுங்கோ. அயர்லாந்தைப் பாருங்கோ. அயர்லாந்து ஒலிம்பிக்குக்குப் போகாது என்று நினைத்து லூவர்ஸ், கிளெகோர்ன், ஏம்ஸ் போன்ற அயர்லாந்து வீரர்கள் இங்கிலாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் மாறினார்கள். கடைசியில் 2016 றியோவுக்கு அயர்லாந்து ஆண்கள் அணியும் வந்து நின்றது, 1908 க்குப் பிறகு முதல் தடவையாக.

பாஸ்போட் விடயம். 2024 ஜூன் 27 இலிருந்து ஜேர்மன் சட்டம் மாறிவிட்டது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தாலும் ஜேர்மன் குடியுரிமை போகாது. அந்தப் பக்கம் பயமில்லை. சிக்கல் இலங்கைப் பக்கம்தான். அவள் பிறந்தபோது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்தார்களா? பிறப்பைத் தூதரகத்தில் பதிந்தார்களா? எங்கள் ஆட்களில் அநேகம் பேர் பதியவில்லை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுத் தூதரகப் பக்கம் யார் போனது?

---

ரொறன்ரோ வன்னியன் எழுதியது:

அக்கா, ஆர்ஜென்டீனாவில் யாரும் பெய்லாட்டின் ஊரில் குண்டு போடவில்லை. இரண்டும் ஒன்றில்லை.

---

எசன் அக்கா எழுதியது:

ஒன்றென்று நான் சொல்லவில்லை, தம்பி. அப்படியென்றால் தாராவை எடுங்கோ. 1936 பெர்லினில் இந்தியாவுக்கு ஆடித் தங்கம் வென்ற அலி தாரா, 1948 லண்டனில் பாகிஸ்தானின் தலைவர். நடுவில் நாடே இரண்டாகி எத்தனை லட்சம் சனம் செத்தது. 1948 இல் இந்தியாவோடு தங்கம் வென்ற லத்தீப்-உர்-ரஹ்மானும் அக்தர் உசைனும் 1956 மெல்பேர்ண் இறுதியில் பாகிஸ்தான் பக்கம் இருந்தார்கள், இந்தியாவிடம் 1-0 தோற்று வெள்ளி. அவர்களுக்கும் சொந்த வீட்டில் ஆரோ ஒருவர் கோப்பையைத் தள்ளி வைத்திருப்பார்.

---

மல்லாவி சேர் எழுதியது:

நான் துணுக்காய் வலயத்தில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். எல்லாரும் மருமகளின் பக்கத்திலிருந்தே கதைக்கிறீர்கள். இங்கேயுள்ள பிள்ளைகளின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கோ.

1976 மொன்றியலில் ஒலிம்பிக் ஹொக்கி செயற்கைத் தரைக்குப் போனது. அன்றையிலிருந்து இது காசுள்ளவர்களின் விளையாட்டு. 91.4 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம், அவ்வளவுக்கும் விரிப்பு, அதற்குத் தண்ணீர் அடிக்கிற வசதி. இலங்கையில் அப்படித் தரை என்றால் கொழும்பு, மாத்தளை என்று போக வேண்டும். மல்லாவியிலிருந்து ஒரு பெட்டை கொழும்புக்குப் பயிற்சிக்குப் போக இரவு பஸ் ஏற வேண்டும், கூட ஒரு பெரிய ஆள் போக வேண்டும், அங்கே தங்க இடம் வேண்டும். கிறவலில் பழகிய கைக்கு அந்தத் தரையில் பந்து ஓடுகிற வேகம் பிடிபடவே நாள் எடுக்கும். மாத்தளைப் பிள்ளைகள் பரம்பரையாக மட்டை பிடிக்கிறவர்கள், அவர்களைத் தாண்டித்தான் அணிக்குள் போக வேண்டும்.

முல்கைமிலிருந்து ஒருத்தி வந்தால் அணிக்கு நல்லதுதான். உதைபந்தாட்டத்தில் அவுஸ்திரேலியாவில் பிறந்த பெடியள் வந்து இலங்கைக்கு ஆடுகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் ஒரு இடத்தை அவள் எடுத்தால் ஒருத்தி வெளியே போகிறாள். போகிறவள் மாத்தளையில் விடியப்புறம் எழும்பிப் பழகிய பிள்ளையாக இருப்பாள். அது பிழை என்று சொல்ல வரவில்லை, விளையாட்டு என்றால் அப்படித்தான். ஆனால் உங்கள் மருமகள் அதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். விடுமுறைக்கு வந்து இரண்டு ஆட்டம் ஆடிப் படம் போட்டுவிட்டுப் போவதற்கு என்றால் தயவுசெய்து வேண்டாம். தேசியப் போட்டி ஒன்றில் ஏதாவது கிளப்புக்கு ஆடித் தன்னைக் காட்டிவிட்டு வரட்டும்.

இன்னொன்று. பாஸ்போட் கிடைத்தாலும் தெரிவுக்குழு எடுக்க வேண்டும். எடுத்தாலும் தேசிய அணிப் பட்டியலுக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 1973 ஆம் ஆண்டு 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். ரிக்கெற் போட முதல் இதையெல்லாம் கணக்கில் எடுங்கோ.

உங்கள் ஒழுங்கைப் பெட்டைகள் இப்பவும் பூவரசங் கொப்போடு வருகிறார்களா? எங்கள் ஸ்டோரில் பழைய மட்டை ஏழெட்டு தூசி பிடித்துக் கிடக்கிறது. கேட்டு எழுதுங்கோ, அதிபரோடு கதைத்துப் பார்க்கிறேன்.

---

விசுவமடு மாமா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரொறன்ரோத் தம்பிக்கும்தான், மச்சான் மனதில் இருப்பதை அவர் எழுதியது போல எனக்கு இருந்தது.

நேற்று வட்ஸ்அப்பில் மருமகளோடு கதைத்தேன். சேர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், வெளியே போகிற பிள்ளையைப் பற்றிய இடத்தில் பேசாமல் இருந்தாள். பிறகு, முல்கைமில் அவளுடைய அணியிலேயே போன வருடம் அப்படி ஒருத்தி ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்ததால் இவள் அரை சீசன் வாங்கிலில் இருந்தாளாம். "எனக்குத் தெரியும் மாமா, அது எப்படி இருக்கும் என்று" என்றாள். அவசரப்படவில்லையாம். அடுத்த வருடம் படிப்பில் ஆறு மாதம் வெளியே செய்யலாமாம், அதைக் கொழும்பில் செய்து அங்கே ஒரு கிளப்போடு ஆடிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறாள். எனக்கு அது நல்ல யோசனையாகப் படுகிறது. சட்டையைப் பற்றிய சண்டையை மச்சான் அதுவரைக்கும் ஒத்திவைக்கலாம்.

தங்கச்சி இப்போதுதான் வாய் திறந்தாள். மகள் பிறந்தபோது அவள் இலங்கைப் பிரஜைதான், ஜேர்மன் குடியுரிமை எடுத்தது பிறகு. பதியவில்லை, அக்கா சொன்ன அதே காரணம். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ் 2009 இல் மற்றப் பெட்டிகளோடு சேர்ந்து போய்விட்டது. அதற்கு என்ன செய்யலாம்?

சேர், பெட்டைகள் வருகிறார்கள். கொப்புகள் காய்ந்து வெடித்துவிட்டன, புதிது வெட்டித் தரச் சொல்லி என்னைத்தான் பிடிக்கிறார்கள். மட்டை கிடைத்தால் பெரிய உதவி.

---

எசன் அக்கா எழுதியது:

அது பெரிய விடயம் இல்லை. பிறந்தது கிளிநொச்சி என்றால் அங்கே பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் படிவம் நிரப்பிப் பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பிறந்த திகதியையும் தகப்பன், தாய் பெயரையும் வைத்துத் தேடுவார்கள். இரண்டு மூன்று பிரதி எடுங்கோ. மருமகளின் ஜேர்மன் பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் கலியாணச் சான்றிதழ், மகள் பிறந்தபோது தங்கச்சி இலங்கைப் பிரஜை என்று காட்ட அவளுடைய பழைய பாஸ்போட் அல்லது அடையாள அட்டை, எல்லாம் ஒரே எழுத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கோ. எங்கள் ஆட்களுக்கு அதில்தான் இழுபடும், ஒன்றில் தகப்பன் பெயர் முன்னுக்கு, மற்றதில் பின்னுக்கு. முதலில் பெர்லின் தூதரகத்தோடு கதையுங்கோ. 22 வயதுக்கு முதல் இதை முடித்துவிடுங்கோ, தாய் தகப்பன் வழியாகப் பிரஜையாகி வேறு நாட்டுக் குடியுரிமையும் வைத்திருப்பவர்களுக்கு அந்த வயதுக்குப் பிறகு இலங்கைக் குடியுரிமை தானாகத் தொடராது. பிரதி கைக்கு வந்ததும் இங்கே எழுதுங்கோ, படிவம் நிரப்ப நான் உதவுகிறேன்.