புதுப்பிப்பு: ஸ்பிண்டில் சுத்தினாலே நின்ன ரவுட்டர் ஓடிட்டு

பேட்டைப் பட்டறையில புதுசா மாட்டின சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தைச் செதுக்குற மெஷின்), ஸ்பிண்டிலை, அதான் வெட்டுற பிட்டைச் சுத்துற மோட்டாரை, போட்ட கொஞ்ச நேரத்துல 'அலாரம் 1' காட்டி நின்னுருதுன்னு எழுதியிருந்தேன்லா. ஸ்பிண்டிலை அணைச்சுட்டு ஓட்டினா மூணு அச்சும் ஒழுங்கா போகும். அது இப்போ சரியாயிட்டு.

மெஷினை ஓட்டுற போர்டுல இருக்க ஜிஆர்பிஎல் மென்பொருள்ல அலாரம் 1ன்னா, அச்சு ஓடுற எல்லையில இருக்க லிமிட் ஸ்விட்ச் அமுங்கிட்டுன்னு அர்த்தம். ஆனா கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்குற பாலம்) மேசைக்கு நடுவுலல்லா நிக்கி! அண்ணாச்சி ஒருத்தர் "கேபிள் செயினைத் திறந்து பாரும்"னாங்க. திறந்தா, விஎஃப்டியிலேர்ந்து (ஸ்பிண்டில் வேகத்தை மாத்துற கருவி) ஸ்பிண்டிலுக்குப் போற கம்பியும் மெல்லிசான ஸ்விட்ச் கம்பியும் ஒட்டிக்கிட்டே கிடக்கு. விஎஃப்டி கரண்டை வெட்டி வெட்டி அனுப்புறதுல கிளம்புற மின் இரைச்சல் பக்கத்துக் கம்பியில ஏறி, ஸ்விட்ச் அமுங்கின மாதிரி போர்டை ஏமாத்திருக்கு.

ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் (இரைச்சலைத் தடுக்க உலோக உறை போட்ட கம்பி) மாத்தினோம். ஸ்விட்ச் கம்பிக்குத் தனி வழி. ஸ்விட்ச் கம்பியோட ஷீல்டுக்கு போர்டு பக்கம் மட்டும் எர்த். அலாரம் குறைஞ்சது, முழுசா நிக்கல. கடைசியில எர்த் குழியைப் பார்த்தா, நம்மூரு வெயிலுக்கு மண்ணு காஞ்சு பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. உப்பும் கரியும் போட்டு நிறையத் தண்ணி ஊத்தினோம். அதுக்கப்புறம் அலாரமே இல்ல. செங்கோட்டையிலேர்ந்து வந்த தேக்குல நிலைக்கதவுப் பூவேலை ஒரே ஓட்டத்துல முடிஞ்சு, இதழ் விளிம்பு பிசிறில்லாம வந்திருக்கு. அவ்வளவு சந்தோஷம்!

அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி. இதே அலாரம் வர்றவங்க போர்டை மாத்துறதுக்கு முன்னால கம்பி போற வழியையும் எர்த்தையும் பாத்துருங்க.