வீட்டு இன்சூரன்ஸ் கிளைமுக்கு 25 சதவீதம் கேட்கிறார், கையெழுத்துப் போடலாமா?

பீனிக்ஸ்_மருமகன்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பீனிக்ஸில் மாமி வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறேன். போன மாத மழையில் அவர்கள் வீட்டுப் பின்பக்க ஓடுகள் பெயர்ந்து, சீலிங் ஊறி, ஒரு ராத்திரி அப்படியே அலமாரி மேல் விழுந்தது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் அனுப்பிய அசெசர் கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தார், ஏணியில்கூட ஏறவில்லை, "பராமரிப்பு சரியில்லை" என்று சொல்லிக் கிளைமைத் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் நாளே பக்கியில், அதாவது பிக்அப் வண்டியில், ஒருவர் வந்து இறங்கினார். கிளைம் கன்சல்டன்டாம், கம்பெனியோடு சண்டை போட்டு வாங்கித் தருவாராம், 25 சதவீதம் அவருக்கு, "அது சட்டத்திலேயே இருக்கிற அளவு, ஆண்டி" என்கிறார். ஃபாரத்தில் தொகை காலி, பணம் போகும் கணக்கு எண் மட்டும் அவருடையது. கூரை வேலையும் அவருடைய ஆட்களே செய்வார்களாம். மாமி பேனாவோடு தயாராக உட்கார்ந்துவிட்டார், நான்தான் அவர் கண்ணாடியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். ஹூஸ்டனில் இருக்கும் மச்சான், அங்கே இந்த வேலைக்கு லைசென்ஸ் உண்டு, பப்ளிக் அட்ஜஸ்டர் என்பார்கள் என்கிறான். இங்கே எப்படி?

சாட்ஸ்வர்த்_அக்கா:
கண்ணாடி அங்கேயே இருக்கட்டும் தம்பி. பத்து வருஷமாக இன்சூரன்ஸ் புரோக்கர் ஆபீஸில் இருக்கிறேன். நம் ஊரில் பப்ளிக் அட்ஜஸ்டர் என்று தனி லைசென்ஸ் கிடையாது, ஆனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றும் இல்லை. ஒரு வாடிக்கையாளர் சார்பில் கிளைமைச் சமர்ப்பிப்பதை, நடத்துவதைத் தொழிலாகச் செய்தால் அது 2002ஆம் ஆண்டின் ஃபெய்ஸ் (நிதி ஆலோசனை, இடைத்தரகர் சேவை) சட்டப்படி இடைத்தரகர் சேவை, அதற்கு நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏவின் அனுமதி வேண்டும். அவரிடம் அந்த அனுமதி எண்ணை, எஃப்எஸ்பி நம்பரை, கேளுங்கள், எஃப்எஸ்சிஏ இணையதளத்தில் தேடிப் பாருங்கள். நம்பர் கேட்டதும் போன் வருகிறது என்று வெளியே போகிறாரா என்றும் பாருங்கள்.

அந்த 25 சதவீதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1997ஆம் ஆண்டின் கன்டின்ஜன்சி ஃபீஸ் சட்டம். ஜெயித்தால்தான் கட்டணம் என்று கேஸ் எடுக்கும் வக்கீல்களுக்கு அது. அதிலும் வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம், எது குறைவோ அது. பக்கிக்காரர் வக்கீலா?

அப்புறம் முக்கியமான ஒன்று. நிராகரித்த கடிதத்தை எடுத்துப் படியுங்கள். காரணம் எழுதியிருக்க வேண்டும், கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 90 நாளுக்குள் கம்பெனிக்கு மறுப்பு எழுதலாம் என்றும் இருக்க வேண்டும். பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளில் அது உண்டு. கோர்ட்டுக்குப் போக, அந்த 90 நாள் முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தர வேண்டும். கம்பெனி மசியவில்லை என்றால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஒம்புட் என்ற புகார் தீர்க்கும் அலுவலகத்துக்குப் போகலாம், பைசா செலவில்லை. 2024 மார்ச்சில் பழைய ஒம்புட் அலுவலகங்கள் பலவற்றை அதில்தான் சேர்த்தார்கள். பாலிசி ஒரு புரோக்கர் வழியாக எடுத்ததா? மாதாமாதம் கமிஷன் வாங்குகிறவர்தானே, முதலில் அவரை எழுப்புங்கள்.

ஆஸ்டின்_போய்வந்தவன்:
மச்சான் சொன்னது சரி, ஹூஸ்டன் இருக்கிற அதே டெக்சாஸில் நாலு வருஷம் இருந்தேன். அங்கே மாநில இன்சூரன்ஸ் துறை லைசென்ஸ் கொடுக்கிறது, கிடைக்கும் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது, கையெழுத்துப் போட்ட 72 மணி நேரத்துக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். தான் அட்ஜஸ்ட் செய்யும் வீட்டில் ரிப்பேர் வேலையில் அவர் கை வைக்கக்கூடாது. உங்கள் ஆள் கூரையும் நானே போடுகிறேன் என்கிறாரே, அங்கே அதுவே தப்பு. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கணக்கு. ஃப்ளோரிடாவில் உச்சவரம்பு 20 சதவீதம், கவர்னர் அவசரநிலை அறிவித்த புயல் என்றால் 10. புயல் அடித்த மறுநாளே கதவைத் தட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தச் சட்டமெல்லாம் வந்தது. இங்கே 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகும் அப்படித்தானே தட்டினார்கள்.

டொங்காட்_பாட்டி_பேரன்:
எங்கள் ஆயா வீட்டுக்கு அந்த வெள்ளத்தில் இப்படி ஒருவர் வந்தார், கிளைமை அவரிடம் கொடுத்தோம், அவர் பங்கு போக மிச்சத்தில் பெயின்ட் வாங்கத்தான் காணும். பிறகுதான் தெரிந்தது, கம்பெனி குறைத்ததே ஆவரேஜ் என்பதால், அதாவது வீட்டின் மதிப்புக்குக் குறைவாகப் பாலிசி போட்டால் அதே விகிதத்தில் பணத்தையும் குறைப்பார்கள். வீடு திரும்பக் கட்ட 20 லட்சம் ரேண்ட் ஆகும், நாங்கள் 12 லட்சத்துக்குத்தான் பாலிசி போட்டிருந்தோம், அதனால் 3 லட்சம் சேதத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம்தான், அதிலும் எக்செஸ் என்று நாமே ஏற்க வேண்டிய பங்கைப் பிடித்தார்கள். எந்தக் கன்சல்டன்ட் வந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. பாலிசித் தொகையை முதலில் பாருங்கள். "பராமரிப்பு" என்றால் வேறு கதை, மழைக்கு முன்னால் கூரை எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். பழைய கல்யாணப் போட்டோ, பிறந்தநாள் போட்டோ எதிலாவது பின்னால் ஓடு தெரிகிறதா? தனியாக ஒரு ரூஃபரை, கூரை வேலை செய்கிறவரை, ஏணி ஏற்றி ரிப்போர்ட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பீனிக்ஸ்_மருமகன்:
நன்றி எல்லாருக்கும். நம்பர் கேட்டேன், "ஆபீஸில் இருக்கிறது, அனுப்புகிறேன்" என்றார், இன்றோடு மூன்று நாள். கடிதத்தில் 90 நாள் எழுதியிருக்கிறது, அதில் 31 போய்விட்டது. போன வருஷம் தைப்பொங்கலுக்குப் பின்வாசலில் பானை வைத்தபோது எடுத்த போட்டோ கிடைத்தது, மாமி தலைக்கு மேல் ஒரு வரிசை ஓடு அழகாகத் தெரிகிறது. புரோக்கர் திங்கள்கிழமை வருகிறார். மாமி இன்னும் கண்ணாடி தேடுகிறார், ஞாயிறு வரைக்கும் தேடட்டும்.