திருவிழா அமைதிக் கூட்டம்: பலன் உண்டா, கண்துடைப்பா?

வைகைக்கரையான்:
திருவிழாவில் சாதிச் சண்டை வராமல் இருக்க ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுற "தாலுகா ஆபீஸ் அமைதிக் கூட்டம் வெறும் டீச்செலவு" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஒத்துக்கொள்ள மாட்டேன். காப்புக் கட்ட ரெண்டு நாள் இருக்கும்போது கூட்டினால் அப்படித்தான் ஆகும். ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு, மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, அப்புறம் யார் இறங்கி வருவார்? மூணு வாரம் முன்னாடியே உட்காரணும். முளைப்பாரி எந்தத் தெரு வழியா, எத்தனை மணிக்கு எந்த முக்கைத் தாண்டணும் என்று படம் போட்டு, ரெண்டு தரப்புக்கும் ஒரு நகல். செட்டில் ஒரே பென்டிரைவ், அதுவும் ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்தது. ராத்திரி பதினோரு மணிக்கு எவனோ செல்போனை புளூடூத்தில் சேர்த்து சாதிப் பாட்டு போடுவான் பாருங்க, முக்கால்வாசிச் சண்டை அங்கேதான் ஆரம்பம்.

உசிலை வாசகி:
படமெல்லாம் சரி அண்ணே. கூட்டத்துக்கு வர்றது யாரு? அம்பலம், நாட்டாமை, அறுபது தாண்டின பத்துப் பேர். அரிவாள் தூக்குறவன் வாட்ஸப் குரூப்பில் இருக்கான், அவனைக் கூப்பிடவே மாட்டீங்க. அதைவிட மோசம், அங்கே 'சமாதானம்' என்றால் கேஸை வாபஸ் வாங்கு என்று அர்த்தம். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016-லிருந்து 15ஏ பிரிவு இருக்கு. பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டலில் இருந்து காப்பாத்துறது அரசின் கடமை. அதிகாரி முன்னாலேயே வாபஸ் பேசினால் அந்தப் பிரிவு எதுக்கு?

வைகைக்கரையான்:
சட்டமும் காவலும் மட்டும் போதும்னா மேலவளவு படுகொலை நடந்திருக்காதே. தலித்துகளுக்கு ஒதுக்கின ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போலீஸ் காவலோடுதான் அங்கே தேர்தல் நடந்தது. 1997 ஜூன் 30-ல் ஜெயிச்ச தலைவர் முருகேசனையும் கூட இருந்தவங்களையும் பஸ்ஸை மறிச்சு வெட்டினாங்க. அதே மாதிரி ஒதுக்கின பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-லிருந்து பத்து வருஷம் தேர்தல் ஒழுங்கா நடக்கலை. நடந்தாலும் ஜெயிச்சவர் உடனே ராஜினாமா. 2006-ல் மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராப் பேசின பிறகுதான் தலைவர்கள் நாற்காலியில் நிலைச்சாங்க.

உசிலை வாசகி:
உத்தப்புரத்தை விட்டுட்டீங்களே. தலித் தெருவைப் பிரிக்க 1989-ல் எழுந்த சுவர். 2008 மே 6-ல் அரசு ஒரு பகுதியை இடிச்சது, ரெண்டு தரப்பும் போட்ட ஒப்பந்தம் 2011-ல். பேசிப் பேசிச் சுவர் இடியலை, இடிச்ச பிறகுதான் பேச்சே வந்தது.

கரும்பலகை:
ரெண்டு பேரும் பெரியவங்களையே பேசுறீங்க. 2023-ல் நாங்குநேரியில் தலித் மாணவனைக் கூடப் படிச்சவங்களே வெட்டின பிறகு அமைச்ச நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன் அறிக்கையில் சாதி நிறத்தில் கட்டுற கைக்கயிறுக்குத் தடை கேட்டது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. நல்ல யோசனைதான், செய்யுற விதத்தில் கோட்டை விடுறாங்க. வகுப்பு முன்னாடி ஒருத்தன் கயிறுக்குக் கத்திரி போட்டால் மறுநாளே அவன் ஹீரோ, கூட நாலு பேர் அதே நிறத்தில் கட்டி வருவான். தனியா அறையில் கூப்பிட்டு அவனையே அவிழ்க்கச் சொல்லணும். அப்பா வேண்டாம், அம்மாவை வரச் சொல்லுங்க. அப்புறம் கபடி. தெருவுக்கு ஒரு டீம் என்றால் தோத்த தெரு ராத்திரி வரும். சீட்டுக் குலுக்கிக் கலந்து பிரிங்க, பனியனை ஊர்ப் பொதுவில் எடுத்துக் கொடுங்க. தெருக்காரர் காசில் எடுத்தால் நெஞ்சில் சாதித் தலைவர் படம் வந்துடும்.

உசிலை வாசகி:
கபடி யோசனைக்கு என் ஓட்டு. கூட்டத்துக்கு ஒரு நிபந்தனை: தீர்மானத்தின் முதல் வரியே "நிலுவை வழக்கு எதுவும் இங்கே பேசப்படாது" என்று இருக்கணும், கீழே கோட்டாட்சியர் கையெழுத்து.

வைகைக்கரையான்:
அந்த வரியைப் பார்த்தால் பாதிப் பேர் வரவே மாட்டாங்க.

உசிலை வாசகி:
வராதவங்க பேரை எழுதி வைங்க அண்ணே. பந்தோபஸ்து போடுறப்ப ஸ்டேஷனில் கேட்பாங்க.