ஞாயித்துக்கிழமை படையலும் சுதா அக்காவும்

ராணி அத்தை: ஞாயித்துக்கிழமை அப்பா திதி. இலை 40 போதுமா, 50 சொல்லவா? சுதா எப்ப வர்றா? வடைக்கு அவதான் உக்காரணும்

தினேஷ் மச்சான்: உண்ணாவிரதத்துல இருக்கற சுதா காலைல மயங்கிட்டாளாம். கூட இருக்கற டீச்சர் போன் பண்ணாங்க. பாப்பாவை விட்டுட்டு என்னால கிளம்ப முடியல. சென்னைல யாராவது போய்ப் பாக்கறீங்களா

ராணி அத்தை: ஐயோ மாரியாத்தா

நான்: நான் போறேன் மச்சான். டிபிஐ, அந்தக் கல்வித் துறை ஆபீஸ் வளாகம் தானே. அரை மணி நேரத்துல இருப்பேன்

அப்பா: அப்பவே சொன்னேன். கவர்மெண்ட் சம்பளம் வாங்கிட்டு இது எதுக்கு? கடைக்கு வர்றவனெல்லாம் என்கிட்ட கேக்கறான்

பெரியப்பா: முருகேசா, கேக்கறவங்ககிட்ட இதைச் சொல்லு. 2009 மே 31 வரைக்கும் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370. ஜூன் 1ல இருந்து சேர்ந்தவங்களுக்கு 5,200ன்னு அப்ப வச்சாங்க. ஒரே ட்ரெயினிங், ஒரே ஒண்ணாங்கிளாஸ், ஒரே பாடம். தேதி ஒண்ணுதான் வேற. அதுக்கு 3,170 ரூபாய் அடிப்படையிலேயே வெட்டு. பஞ்சப்படி அது மேலதான் கணக்குப் போடுவாங்க, அதனால ஒவ்வொரு தடவையும் பள்ளம் பெரிசாகிட்டே போகும். நம்ம சுதா சேர்ந்தது 2010. பக்கத்து வகுப்பு டீச்சர் 2008. ரெண்டு பேரும் ஒரே வராண்டாலதான் நிக்கறாங்க. இப்படி சுமார் 20,000 பேர். 2018 டிசம்பர்லயும் சென்னைல பட்டினி கிடந்தாங்க. 2021 தேர்தல் அறிக்கைல திமுக 311ஆவது வாக்குறுதியா எழுதினதைத்தான் குடுங்கன்னு கேக்கறாங்க. பிள்ளைங்க படிப்பு போச்சுன்னு எவனும் சொல்ல வேண்டாம், அரையாண்டு லீவுலதான் போயிருக்காங்க.

ராணி அத்தை: அண்ணே, இலை?

பெரியப்பா: 50

அப்பா: 2003 அரசு ஊழியர் ஸ்ட்ரைக்லயும் இப்படித்தான் பேசினீங்க. வேலை போச்சுல்ல

பெரியப்பா: போச்சு. சுமார் 1,70,000 பேர்ல நானும் ஒருத்தன். நீ சைக்கிள்ல அரிசி மூட்டையை வச்சு ரெண்டு மைல் தள்ளிட்டு வந்தே. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "மன்னிப்பு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க"ன்னு உங்க அண்ணிகிட்ட சொன்னியே, அதையும் மறக்கல

அப்பா: அது வேற

ராணி அத்தை: அரிசிக் கதை இப்ப எதுக்கு. என் கிரைண்டர் யார் வீட்ல இருக்கு

அப்பா: இங்கதான். பெல்ட் போயிருச்சு

ராணி அத்தை: குடுக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு

நான்: அக்காவைப் பாத்துட்டேன். முழிச்சிருக்கு. மரத்தடில துண்டு விரிச்சுப் படுத்திருக்கு, உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. பக்கத்துல ஒரு டீச்சர் கைக்குழந்தையோட. அக்கா தலைக்கு வச்சிருந்த பைல என்னன்னு பாத்தா மூணாங்கிளாஸ் கணக்குப் பேப்பர் கட்டு. படுத்துக்கிட்டே திருத்துது. "ஏழாம் வாய்ப்பாடு பாதிப் பேருக்கு வரல கார்த்தி, ஜனவரில முதல்ல இருந்து எடுக்கணும்"னு சொல்லுது

தினேஷ் மச்சான்: வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா

நான்: கேட்டேன் மச்சான். வர மாட்டேங்குது. தண்ணி மட்டும் குடிச்சுச்சு. பாப்பா சாப்பிட்டானான்னு கேட்டுச்சு

தினேஷ் மச்சான்: சாப்பிட்டான்னு சொல்லு

பெரியப்பா: நான் நாளைக்கு ராத்திரி பொதிகைல ஏறறேன். என்கூட 2003ல வெளிய நின்னவங்க ஆறு பேரும் வர்றாங்க. பிள்ளைங்க தனியா கிடக்கக் கூடாது

ராணி அத்தை: மூத்தவர் நீங்க இல்லாம படையல் எப்படிண்ணே?

பெரியப்பா: சனிக்கிழமை ராத்திரி திரும்பிருவேன்

ராணி அத்தை: லீவு நேரத்துல டிக்கெட் கிடைக்குமா

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: கார்த்தி, ராத்திரி பனி விழும். அவளுக்கு ஒரு போர்வை வாங்கிக் குடு. அந்தக் கைக்குழந்தைக்கும். ஜிபேல போடறேன்

நான்: மத்தவங்களும் வெறுந்தரைலதான்பா இருக்காங்க

அப்பா: 20 வாங்கு

பெரியப்பா: முருகேசா

அப்பா: டிக்கெட் நான் பாக்கறேண்ணே. வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டுது

ராணி அத்தை: இலை 50 சொல்லியாச்சு. வடைக்கு யாரு?