குடோன் வாசல் லாரிப் புகை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். செங்குன்றம் தாண்டி சோழவரம் பக்கம் குடியிருக்கிறோம். தெரு முனையில் பெரிய குடோன் வந்ததிலிருந்து ராத்திரி பூராவும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. முறை வரும்வரை இன்ஜினை அணைப்பதே இல்லை. டிரைவர்களைக் குறை சொல்லவில்லை, பாவம், அவர்களும் அதே புகையில்தான் கிடக்கிறார்கள். மாடியில் காயப்போட்ட வேட்டியைத் தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. மாமியாருக்கு ஏற்கெனவே வீசிங். இப்போது இன்ஹேலர் இல்லாமல் படுக்க முடியவில்லை.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகையில் இருக்கும் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் காற்றில் இருக்க நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். (உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15தான், அது வேறு கதை.) எங்கள் தெருவில் எவ்வளவு என்று அளந்து சொல்லத்தான் ஆளில்லை.

வீட்டிலேயே வைத்து அளக்க நம்பகமான கருவி எது? அந்தக் கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்குமா? நிற்கும் லாரிகளின் இன்ஜினை அணைக்க வைத்த ஊர் ஏதாவது உண்டா? அப்புறம், கலெக்டருக்கு இப்படி மனு கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் அதன் நகலை அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.