மறுமொழி: ‘பிராஸ்பெக்ட்’ – நாற்றா, வருநரா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) பெரிய அணிக்கு வரக்கூடும் என்று எதிர்பார்க்கப்படும் ஆட்டக்காரரை ‘பிராஸ்பெக்ட்’ என்பார்கள். அவர்களை வளர்த்தெடுக்கும் கீழ்நிலை அணிகளின் அமைப்பு ‘ஃபார்ம் சிஸ்டம்’. இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுவிட்டதால் எல்லாருக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: அமைப்புக்கு ‘நாற்றங்கால்’ மிகப் பொருத்தம். ஆளுக்கு ‘நாற்று’ கூடாது. ஆளுக்கு ‘வருநர்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

கலைச்சொல்லை வெறும் காற்றில் வைத்துப் பேசுவதைவிட ஓர் அணியின் கதையில் பொருத்திப் பார்ப்பது நல்லது. அடிபந்தாட்டத்தில் அதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் ஓரியோல்ஸைவிட வசதியான அணி இல்லை. 2018-இல் 115 ஆட்டங்களில் தோற்றார்கள். 2019-இல் 108, 2021-இல் 110. அந்த ஆண்டுகளில் அணியின் உண்மையான ரசிகர்கள் இரவில் தேடிப் படித்தது அணியின் சொந்த அரங்கான காம்டன் யார்ட்ஸின் ஆட்ட விவரத்தை அன்று. டெல்மார்வா, அபர்தீன், பூயி, நார்ஃபக் போன்ற அதன் கீழடுக்கு அணிகளின் விவரத்தை. மேலே தோல்வி, கீழே யாரோ ஒரு பையன் இரண்டு ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்திருக்கிறான் என்ற ஆறுதல். 2023-இல் அதே ஓரியோல்ஸ் 101 ஆட்டங்களில் வென்றது. இடையில் நடந்ததை ‘பிராஸ்பெக்ட்’ என்ற சொல் இல்லாமல் விளக்கவே முடியாது.

> பத்திரிகைகளில் ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்று எழுதுகிறார்களே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம், ஐயா. அது பாராட்டு, கலைச்சொல்லுக்குப் பாராட்டு ஆகாது. இந்த ஆட்டத்தில் திறன் தேடுவோர் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். அடித்தல், வலு, ஓட்டம், எறிதல், தடுத்தல் என ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். மேலடுக்கு லீக்கின் (மேஜர் லீக்) சராசரி வீரருக்கு 50. மொத்தத்தில் 40 மட்டுமே தேறும் என்று மதிப்பிடப்பட்டவரும் ஓர் அணியின் பட்டியலில் இருபத்தைந்தாவது ‘பிராஸ்பெக்ட்’ஆக இருப்பார். அவரை ‘இருபத்தைந்தாம் நம்பிக்கை நட்சத்திரம்’ என்று எழுதினால் கேலி செய்வதுபோல இருக்கும்.

> ‘வளரும் வீரர்’ எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் எல்லை இல்லாத எளிமை. தெருவில் மட்டை பிடிக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் வளரும் வீரன்தான். இங்கே பேசப்படுபவர் ஓர் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தொழில்முறை ஆட்டக்காரர். மேல் எல்லையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. மேலடுக்கு லீக்கில் 130 முறைக்கு மேல் அடித்தாடிவிட்டாலோ, 50 இன்னிங்ஸுக்கு மேல் பந்து வீசிவிட்டாலோ, அணியின் செயற்பட்டியலில் 45 நாளுக்கு மேல் இருந்துவிட்டாலோ புதுமுகத் தகுதி போய்விடும். பொதுவாகப் பட்டியல் போடுவோர் அத்துடன் அவர் பெயரை எடுத்துவிடுவார்கள்.

இந்த வரையறையில் ஒரு வேடிக்கை உண்டு. கன்னர் ஹெண்டர்சன் 2022 ஆகஸ்ட் 31 அன்று கிளீவ்லாந்தில் முதன்முதலாக மேலே ஆடினார். மட்டையை ஓங்கி வீசிய வேகத்தில் தலைக்கவசம் கழன்று விழுந்தது, பந்து அரங்கின் எல்லையைத் தாண்டியது, வெறுந்தலையோடு ஓடினார். அந்தப் பருவம் முடிந்தபோது அவர் 130 முறை அடித்தாடியிருக்கவில்லை. ஆகவே மேலே ஆடி, ஹோம் ரன்னும் அடித்துவிட்டவர், 2023 தொடக்கத்தில் முதலிடப் ‘பிராஸ்பெக்ட்’ என்று பட்டியலிடப்பட்டார். அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகமாக ஒருமனதாகத் தேர்வானார். நாம் தேடும் சொல் இன்னும் வராதவரையும் குறிக்க வேண்டும், ஒரு காலை உள்ளே வைத்துவிட்டவரையும் குறிக்க வேண்டும்.

> ‘மைனர் லீக்’ என்பதை ‘இளையோர் லீக்’ எனலாமா?

கூடாது. முப்பது வயதைக் கடந்தவர்களும் அங்கே ஆடுகிறார்கள். ‘மைனர் லீக்’ என்று அப்படியே எழுதினாலும் நம் ஆட்களுக்குக் கழுத்தில் செயின் தொங்கும் பண்ணையார் வீட்டு மைனர்கள்தாம் கண்முன் வருவார்கள். ‘கீழடுக்கு லீக்’ போதும். 2021 மறுசீரமைப்புக்குப் பிறகு 30 அணிகளுக்கும் தலா நான்கு என 120 கீழடுக்கு அணிகள் உள்ளன, கீழிருந்து மேலாக: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. பயிற்சி வளாகங்களிலும் டொமினிகன் குடியரசிலும் நடக்கும் தொடக்கநிலை லீக்குகள் தனி. உண்மையிலேயே அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. அடுக்குகளின் பெயர்களைத் தமிழாக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவை ஊர்ப்பெயர் மாதிரி.

இனி முக்கியமான வாதத்துக்கு வருகிறேன்.

> அமைப்பின் பெயரே ‘ஃபார்ம் சிஸ்டம்’. ஆகவே அதை நாற்றங்கால் என்றும் வீரரை நாற்று என்றும் சொல்வதே இயல்பு. நாற்றங்காலில் விட்டு, வளர்ந்தபின் பறித்து, வயலில் நடுகிறோம். எல்லா நாற்றும் பிழைப்பதில்லை. தேவைக்கு மேல் இருந்தால் பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கிறோம். நாள் கடந்து முற்றிய நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது.

இதை எழுதிய அம்மாவுக்கு என் வணக்கம். இந்த இழையில் வந்த மடல்களில் சிறந்தது இதுதான். ஒவ்வொரு வரியும் ஓரியோல்ஸ் கதைக்குப் பொருந்துகிறது. 2024 பிப்ரவரியில் ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால் இருவரையும் மில்வாக்கிக்குக் கொடுத்துத்தான் கார்பின் பர்ன்ஸ் என்ற முதல்தரப் பந்துவீச்சாளரை வாங்கினார்கள். முற்றிய நாற்று விஷயமும் சரியே. டிரிபிள்-ஏ நிலையிலேயே இருபத்தேழு வயதைத் தொட்டவரைப் பட்டியல்காரர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருந்தாலும் இரண்டு தடைகள் இருக்கின்றன.

ஒன்று, ‘ஃபார்ம்’ என்பதன் வரலாறு. இந்த ஆட்டத்தில் அந்தச் சொல் வேளாண்மையிலிருந்து நேராக வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்டக்காரரைச் சிறிய அணிக்கு ‘ஃபார்ம் அவுட்’ செய்வது என்ற வழக்கு இருந்தது. குத்தகைக்கு விடுவது, வெளியே ஒப்படைப்பது என்பதுதான் அதன் பொருள். பிறகு 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, வசதியான அணிகளோடு ஏலம் கேட்கப் பணம் இல்லாததால், சிறிய அணிகளையே விலைக்கு வாங்கி வீரர்களைத் தாமே உருவாக்கத் தொடங்கினார். ஆட்டத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆணையர் லாண்டிஸுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே முதலாளி இத்தனை ஆட்களைக் கட்டிவைத்து மேலேறவிடாமல் செய்கிறார் என்று கருதி, 1938-இல் கார்டினல்ஸின் 70-க்கும் மேற்பட்ட கீழடுக்கு வீரர்களை ஒரே ஆணையில் விடுவித்தார். ஆனாலும் ரிக்கியின் வழியே நிலைத்தது. குத்தகை என்ற பழைய பொருள் மங்கி, வளர்த்தெடுப்பது என்ற பொருள் மேலோங்கியது. அதனால் அமைப்புக்கு ‘நாற்றங்கால்’ என்பதை மனமார ஏற்கிறேன். ‘பண்ணை அமைப்பு’ என்றால் நமக்குக் கோழிப்பண்ணைதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது தடைதான் எனக்குப் பெரிது. நாற்றுக்குச் சம்பளம் இல்லை. நடுகிறவர் கை நட்டால் நட்டதுதான். இவர்கள் வேலை பார்க்கும் மனிதர்கள். கீழடுக்கு வீரர்கள் சங்கமாகச் சேர்ந்து 2023-இல்தான் முதல் ஊதிய ஒப்பந்தம் பெற்றார்கள். அதற்கு முன் டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் சுமார் 17,500 டாலர்; ஒப்பந்தத்துக்குப் பிறகு 35,800. பெரிய அணியின் வாசலில் நிற்பவரின் நிலையே அது. அதற்கும் கீழே இன்னும் குறைவு. இவர்களைச் செடியாகவே பேசிப் பழகினால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

கிரிஸ் பிரையன்டை நினைத்துப் பாருங்கள். 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி அவரைப் பருவத் தொடக்கத்தில் எடுக்காமல் ஏப்ரல் 17 வரை கீழேயே வைத்திருந்தது. 172 நாள் மேலே இருந்தால்தான் ஓராண்டுப் பணி கணக்காகும். அவருக்கு அந்த ஆண்டு ஒரு நாள் குறைந்தது. அந்த ஒரு நாளால் அவர்மீது அணிக்கு இன்னோர் ஆண்டு உரிமை கிடைத்தது. அவர் தொடுத்த முறையீடு 2020-இல் தள்ளுபடியானது. எந்த நாற்றும் நட்டவர்மீது முறையிட்டதில்லை.

ஆகவே ‘வருநர்’. ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் என்று ‘-நர்’ ஈறு நமக்குப் பழகியது. பழைய இலக்கியத்தில் ‘வருநர்’ என்றால் நாடி வருபவர். செயல் ஆளின் கையில் இருக்கிறது. வழியில் இருப்பவரையும் குறிக்கும், வாசலைத் தாண்டியவரையும் குறிக்கும். எழுதிப் பார்ப்போம்: ‘ஓரியோல்ஸின் வருநர் பட்டியல்’, ‘முதல் நூறு வருநர்கள்’, ‘பந்துவீச்சு வருநர்’, ‘வருநர் மதிப்பீடு’. நாக்கில் இடறவில்லை.

> ஆனால் பெரும்பாலோர் வருவதே இல்லையே?

வேட்பாளர் எல்லாரும் வென்றுவிடுகிறார்களா? சொல் நோக்கத்தைக் காட்டினால் போதும். முடிவுக்கு உத்தரவாதம் தர வேண்டியதில்லை. வந்தபிறகு திரும்பிப் போகிறவர்களும் உண்டு. ஜாக்சன் ஹாலிடே, அணிகள் புதிய வீரர்களை முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் (டிராஃப்ட்) 2022-இல் முதல் ஆளாகத் தேர்வானவர். 2023-இல் ஒரே பருவத்தில் டெல்மார்வாவில் தொடங்கி நார்ஃபக் வரை நான்கு அடுக்கையும் ஏறி முடித்தார், வயது 19. 2024 ஏப்ரலில் மேலே வந்தார். 34 முறை அடித்தாடி இரண்டே ஹிட் (தளம் சேரும் அடி). நார்ஃபக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31 அன்று மறுபடி அழைத்தார்கள். அன்றே மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, காம்டன் யார்ட்ஸின் வலப்பக்கச் சுவருக்கு வெளியே யூட்டா தெருவில் போய் விழும்படி ஹோம் ரன் அடித்தார். அதுதான் மேலடுக்கில் அவருடைய முதல் ஹோம் ரன். பறித்து நட்டதைத் திரும்பவும் நாற்றங்காலில் கொண்டுபோய் வைப்பார்களா, அம்மா?

ஒரு எச்சரிக்கை. வீரர் பரிமாற்றப் பேச்சில், எந்த விலைக்கும் கொடுக்கமாட்டோம் என்று அணி கருதும் வருநரை ‘அன்டச்சபிள்’ என்பார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு அதை என்னவாக ஆக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சொல் நம் மண்ணில் சுமக்கும் கொடுமையை அறிந்த எவரும் விளையாட்டுப் பக்கத்தில் அதை எழுதமாட்டார். ‘கைமாற்றா வருநர்’ என்பதே போதும்.

‘ஸ்கவுட்’டுக்கு ஒருவர் ‘ஒற்றர்’ என்றார். ஓய்வுபெற்ற பெரியவர்கள் வேகமானியோடு தகர நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ‘திறன் தேடுநர்’.

அன்புடன்.

———

மறுமொழி:

> பறித்து நட்டதைத் திரும்பவும் நாற்றங்காலில் கொண்டுபோய் வைப்பார்களா, அம்மா?

வைக்கமாட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். சம்பளக் கணக்கு எனக்கு உறைத்தது. ஆளுக்கு ‘நாற்று’ வேண்டாம். ஆனால் ‘வருநர்’ எனக்கு இன்னும் மேடைத் தமிழாகத்தான் ஒலிக்கிறது. நேர்முக வருணனையில் ‘இதோ வருநர் வருகிறார்’ என்று சொல்ல வேண்டி வந்தால் கேட்பவர் சிரிப்பார். இன்னொரு சங்கடம்: வீரர் ஓராண்டு முழுவதும் ஆடாமல் இருந்தால்? ஓரியோல்ஸின் ஹெஸ்டன் கியர்ஸ்டாட் 2020-இல் இரண்டாவது ஆளாகத் தேர்வாகி, இதயத்தசை அழற்சியால் 2022 வரை களத்துக்கே வரவில்லை. அவர் எங்கே ‘வந்து’கொண்டிருந்தார்?

———

மறுமொழி:

அம்மா, வருணனையாளர் ‘களமிறங்குகிறார்’ என்பார், சிக்கல் தீர்ந்தது. கியர்ஸ்டாட் கேள்வி கடினமானது. ஆனால் அந்தக் காலத்திலும் பட்டியல்காரர்கள் அவர் பெயரை முற்றாக அடிக்கவில்லை. 2023 செப்டம்பரில் மேலே வந்தும் சேர்ந்தார். நோய்ப்படுக்கையில் இருந்தவரைக் குறிக்க ‘வருநர்’ பொருந்துகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘வளரும் வீரர்’ நிச்சயம் பொருந்தியிருக்காது.

வேறு மறுப்பு வராவிட்டால் நாற்றங்கால், வருநர், கீழடுக்கு லீக், கைமாற்றா வருநர், திறன் தேடுநர் என்ற ஐந்தையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம். ‘ரூல் 5 டிராஃப்ட்’ – 18 வயதுக்குள் ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேற்பட்டவரை நான்கு பருவத்துக்குள்ளும் அணியின் நாற்பது பேர் கொண்ட முதன்மைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் பிற அணி டிசம்பரில் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி – ‘ஐந்தாம் விதித் தேர்வு’ என்றே இருக்கட்டும்.

மிச்சம் ‘ஆப்ஷன்’. நாற்பது பேர் பட்டியலில் இருப்பவரை மூன்று பருவங்கள் வரை தடையின்றிக் கீழே அனுப்ப அணிக்கு உள்ள உரிமை. ‘விருப்பத்தேர்வு’ என்று எவரும் ஆரம்பிக்க வேண்டாம். விருப்பம் வீரருடையது என்று படிப்பவர் எண்ணிவிடுவார். ‘அனுப்புரிமை’ என்று எழுதிப் பார்த்தேன்: ‘அவருக்கு அனுப்புரிமை தீர்ந்துவிட்டது.’ இந்த வாக்கியத்தில் தீர்ந்தது வீரரின் உரிமையா, அணியின் உரிமையா என்ற குழப்பம் இருக்கிறது. ‘அவர்மீதான அனுப்புரிமை’ என்றால் சரியாகிறது, ஆனால் நீள்கிறது. மாற்று இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். தனி இழை தொடங்கினால் பிறகு தேடி எடுக்க முடிவதில்லை.